இடது தோளில் வந்த வலி

சீகோங் (மூச்சோடு சேர்த்து உடலை மெதுவாக அசைக்கும் சீனப் பயிற்சி) தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் என்னால் கையைத் தூக்கிக் கூந்தலை முடிய முடியவில்லை. தொடைகள் கனத்தன. அடுக்களைப் படியில் சுவரைப் பிடித்து இறங்கினேன்.

இதைப் படிக்கிற நீங்களும் புதிதாக ஒரு பயிற்சியைத் தொடங்கி, உடம்பு முழுக்க வலியோடு இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் கணவர் தங்கராஜ் பதினெட்டு வருடம் வளைகுடாவில் வெல்டராக இருந்தார். நிலச் சீர்திருத்தத்தில் அவர் அப்பாவுக்குக் கேரள எல்லையோரக் குளத்தூரில் கிடைத்த பத்து சென்டில் ஒரு வீடு கட்டத்தான் போனார். வீடு முடிந்தது. சர்க்கரை நோயோடு திரும்பி வந்தார்.

தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். இவருக்கு அது பிடிக்கவில்லை. தொழிலாளர் முகாமில் சீனர்கள் விடியற்காலையில் செய்வதைப் பார்த்து வைத்திருந்தார்.

"நடக்கதுக்குப் பதிலா இதைச் செய்யுதேன். நீயும் வா."

வீட்டுக்குப் பின்னால், மரச்சீனிச் (மரவள்ளி) செடிகளுக்குப் பக்கத்தில் நின்றோம். முழங்காலைச் சற்று மடக்கி, பெரிய பானையை அணைப்பதுபோல் கைகளை முன்னால் வைத்து அசையாமல் நிற்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் தினமும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

வலி முதலில் எனக்குத்தான் வந்தது. அவர் பார்த்துச் சிரித்தார். நெய்யாற்றின்கரையில் டாக்டரிடம் காட்டினேன். பழக்கமில்லாத தசைகளில் மிக நுண்ணிய கிழிசல்கள் வந்து ஆறும்போது இப்படி வலிக்கும், சில நாளில் மாறும் என்று மலையாளத்தில் சொன்னார். அப்படியே மாறியது.

மூன்றாம் வாரம் அவர் இடது தோளைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எட்டி, இந்தத் தோளு நோவுது. தாடை வரை இழுக்குது."

"எனக்கு நொந்தப்போ சிரிச்சீங்கல்லா? இது மாறிரும் ஆக்கும். தைலம் தேய்ச்சுத் தாறேன்."

"கையைத் தூக்காம இருந்தாலும் நோவுதே."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்து."

அது உண்மையல்ல. எனக்குக் கையைத் தூக்கினால்தான் வலித்தது. அவரைச் சமாதானப்படுத்தச் சொல்லிவிட்டேன்.

தைலம் தேய்த்தபோது அவர் முதுகு வேர்த்துக் குளிர்ந்திருந்தது. துண்டால் துடைத்தேன். மறுநாள் காலையும் பயிற்சி செய்தோம். மதியம் சோற்றில் கை வைத்தபடியே சாய்ந்தார். பாறசாலை ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மாரடைப்பு (இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது). சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலிக்காமல் தோளிலும் தாடையிலும் மட்டும் வலி வரலாம் என்று பிறகு அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

"முந்தின நாளே கொண்டு வந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் மேசையைப் பார்த்தார். "முயன்று பார்த்திருக்கலாம்" என்றார்.

ஆகவே சொல்கிறேன். அசைத்தால் வலித்து ஓய்வில் குறைவது பெரும்பாலும் தசைவலி. சும்மா இருக்கும்போதும் வலித்தால், வேர்த்தால், மூச்சு முட்டினால் தைலத்தை எடுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் வலியை வைத்து இன்னொருவர் வலியை அளக்காதீர்கள்.

பல மாதம் நான் கொல்லைப்பக்கம் போகவே இல்லை.

"அப்பாவைக் கொன்னது அந்தப் பயிற்சி இல்லம்மா. நீங்களும் இல்ல" என்றாள் மகள் லீலா.

முதல் பாதியை நம்புகிறேன்.

இப்போது மறுபடியும் நிற்கிறேன். தொடை வலிக்கிறது. முன்பெல்லாம் வலியை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது ஒவ்வொன்றையும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டுப் பார்க்கிறேன். அவர் லீவுக்கு வரும் மாதத்தை நோக்கியே வருடங்களை எண்ணிப் பழகிய உடம்பு இது. இனி வர யாருமில்லை என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை. கையைத் தாழ்த்திய பிறகும், பக்கத்தில் நிற்பவர் முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கிறது.