செல்லசாமியின் நெஞ்சுப் பொருத்தம்

லிந்துலைக் கடைவீதியில், முனாப் நானாவின் தேத்தண்ணிக் கடை ஜன்னலுக்கு நேரே எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார் செல்லசாமி. கல்யாணத் தரகர். வாயில் வெற்றிலை, கக்கத்தில் குடை, தோளில் துணிப்பை. பையில் பாதி ஜாதகம், பாதி நெஞ்சு.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்த ஐம்பத்தெட்டாம் வருடத்திலிருந்து, நெஞ்சுப் படம் இல்லாமல் அவர் சம்பந்தம் பேசுவதில்லை. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில், லயத்துக்கு லயம் சயரோகம் புகுந்து புறப்பட்ட காலம். "ஜாதகத்த எழுதுறவன் மனுசன். மெஷினுக்குப் பெரிய எடத்துப் பொண்ணு, சின்ன எடத்துப் பொண்ணுன்னு தெரியுமா?" என்பார். படத்தைத் தோட்டத்து டாக்டரய்யாவிடம் காட்டச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பினார்கள். சனங்கள் செல்லசாமியிடம் காட்டினார்கள். அத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

படம் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலமெல்லாம் பெண்களைச் சிவப்பு, மாநிறம், 'கறுப்புன்னாலும் களையான மொகம்' என்று தரம் பிரித்த கண். அதே கண்ணால் உள்ளேயும் பார்த்தார். வெளுத்த படம் சுத்தம். இருண்ட படம் சீக்கு.

மீனம்மாவின் மகன் அழகனுக்கு நாகலெட்சுமியைப் பேசியபோதும் அதே தீர்ப்புத்தான். அழகன் படத்தில் மேல்பக்கமெல்லாம் பஞ்சு பஞ்சாய் வெளுப்பு. உள்ளே நிலாக் காய்கிறது என்று செல்லசாமி சொன்னதும் மீனம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாகலெட்சுமியின் நெஞ்சோ அடுப்புக் கரி. மீனம்மா முகத்தைச் சுளித்தாள். ஒரு மண்டலம் பசும்பால் கொடுத்தால் வெளுத்துவிடும் என்று செல்லசாமி சமாளித்துப் பார்த்தார், பாச்சா பலிக்கவில்லை. வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லி, இரண்டு படங்களையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

மறுவாரம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் தோட்டத்து டாக்டரய்யா கணேசமூர்த்தி. தன் தொழில் நுணுக்கத்தைப் பெரிய மனிதர் ஒருவர் பார்க்கட்டுமே என்று செல்லசாமி படங்களை நீட்டினார். நல்ல நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும், அதனால் படத்தில் கறுப்பாகத்தான் விழும், இந்தப் பெண்ணுக்கு ஒரு குறையுமில்லை என்றார் டாக்டரய்யா. அழகனின் படத்தை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இந்த வெளுப்புத்தான் சயரோகம். யார் இந்தப் பையன்? உடனே கூட்டிட்டு வாங்க. இப்ப ஊசி போட்டா பிழைச்சுக்குவான்."

செல்லசாமி படங்களை வாங்கிப் பையில் திணித்தார். தன் வாயால் நிலா என்றல்லவா சொல்லிவைத்தார்! அடுத்த திருப்பத்திலேயே இறங்கி, மூச்சு வாங்க மீனம்மாவின் லயத்துக்கு ஏறினார்.

மீனம்மா நம்பவில்லை. அந்தக் கரி நெஞ்சுக்காரியை மகன் தலையில் கட்ட இது புது வழி என்று நினைத்தாள்.

"அன்னிக்கு நிலான்னீங்க. இன்னிக்குச் சீக்குங்குறீங்க. உங்க பேச்சுல எதத்தாங்க நம்புறது?"

உள்ளே அழகன் இருமினான். பேச்சை விற்றே பிழைத்த மனிதரால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

"என்னைய நம்பாதீங்க ஆத்தா," என்றார். "எனக்குப் படம் பாக்கத் தெரியாது."

வெற்றிலையைத் துப்பிவிட்டுச் செருப்புக் காலோடே உள்ளே போனார். கம்பளியை எடுத்து அழகனுக்குப் போர்த்தினார். மாப்பிள்ளையை மணவறைக்கு அழைத்துப் போகிறவரைப் போல, அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு பஸ் ரோட்டை நோக்கி இறங்கினார்.