வெள்ளக்கோட்டுக்குள் ஒரு வாசல்

"இங்கே கட்டக்கூடாது" என்று சட்டம் சொன்ன இடத்தில், "சரி, உங்களுக்கு மட்டும் பரவாயில்லை" என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்கும் ஆட்களில் நானும் ஒருத்தி.

இரத்தினபுரிப் பக்கம் ஒரு பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலை. களுகங்கையும் அதில் வந்து விழும் ஓயாக்கள் என்னும் சிற்றாறுகளும் மழைக்காலத்தில் எதுவரை ஏறுமோ, அதுவரை வரைபடத்தில் நீலக் கோடு போட்டு வைத்திருக்கிறோம். கோட்டுக்குள் வீடு கட்டினால் தரையை வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்த வேண்டும். ஓயாவை ஒட்டிய கரைத்துண்டிலோ எதுவுமே கட்டக்கூடாது. இதெல்லாம் முடியாதவர்கள் விதிவிலக்குக் கேட்டு மனுப் போடுவார்கள். நான் டேப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்து, திட்டமிடல் குழுவுக்கு அறிக்கை எழுதுவேன்.

கேட்பதற்குச் சாதுவான வேலை. எனக்கோ ஒவ்வொரு மனு வரும்போதும் நெஞ்சு படபடவென்று அடிக்கும்! சபைக் கந்தோரில் அலுவலுக்காக வாங்குப் பலகையில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்களே, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர்களிடம் ஏச்சு வாங்கியவர்களே, நம் எல்லாருக்கும் ஒரே தலைவலிதான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பாதிச் சுவர்

கடைவீதியில் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் நானா. பலசரக்குக் கடையைப் பின்பக்கம் நீட்ட வேண்டும், தரையை மட்டும் உயர்த்தமாட்டேன் என்று மனுப் போட்டிருந்தார். கடை வாசலிலேயே என்னை நிறுத்தி, "அல்லாட காவல் மிஸ், தண்ணி இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்கல்ல" என்று அடித்துச் சொன்னார். இஞ்சி பிளேன்டீயும் வந்தது. குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தேன்.

சுவர் பளபளவென்று புதுப் பச்சை. ஆனால் என் தோளுக்குச் சரியாக ஒரு கோட்டோடு பச்சை நின்றுவிட்டது. அதற்கு மேலே பழைய வெள்ளைதான், ஒட்டடையோடு. சேற்றுக் கறை எதுவரை ஏறியதோ அதுவரைக்கும் மட்டும் பெயின்ட் அடித்து, வெள்ளமட்டத்தை எனக்காகவே அளந்து வைத்த மாதிரி வைத்திருக்கிறார் மனுஷன்! எனக்கு டேப்பே தேவைப்படவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நானா, ஏன் பாதிச் சுவருக்கு மட்டும் அடித்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"மேலுக்குப் பெயின்ட் நல்லாத்தானே ஈக்கி மிஸ், அத ஏன் சும்மா வீணாக்கணும்?"

மாடசாமியின் மனு

ஒரு ரப்பர் தோட்டத்தில், ஓயாக்கரையில் மரத்தடிக் கல்லாக இருந்த மாடசாமிக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று மனு. மேட்டில் கட்டுங்களேன் என்றேன். கோயில் கமிட்டித் தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். சாமி நிற்கிற இடத்தை மாற்ற எனக்கு மட்டுமென்ன தைரியமா இருக்கிறது? நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். கடைசியில், சுவரே வேண்டாம், நாலு தூண், மேலே தகரம், தண்ணீர் வந்தால் தூணுக்கு நடுவே போய்விடும் என்று சிபாரிசு பண்ணினேன். குழுவும் ஒத்துக்கொண்டது.

சாமியின் பீடத்தையாவது கொஞ்சம் உயர்த்தலாமே என்று கடைசியாகக் கேட்டுப் பார்த்தேன். தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன வெள்ளத்துல சாமி அசையவே இல்ல மிஸ். ஓடினது பூராவும் நாங்கதான். ஒசத்துறதுன்னா எங்க லயத்து வீடுங்கள ஒசத்துங்க!"

வாசல் யாருக்கு?

அதே தோட்டத்திலிருந்துதான் தர்ஷினியின் மனுவும் வந்தது. மண் சரியும் என்று, மேட்டிலிருந்த வரிசை வீடுகளான மேல் லயத்தைக் காலி பண்ணச் சொல்லி, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவில் ஒரு சின்னத் துண்டுக் காணி கொடுத்திருந்தார்கள். கொடுத்த காணி ஓயாக்கரையில்! மேலே இருந்தால் மண், கீழே வந்தால் தண்ணீர். ஆளுக்கு ஆள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காணி அது, நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தர்ஷினிக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலிதான். கையால் சுற்றும் தையல் மிஷினை வைத்துக்கொண்டு தோட்டத்து டிவிஷன் முழுக்க சட்டை தைத்துக் கொடுக்கிறாள். வீடு கட்ட உதவியும் கிடைத்துவிட்டது. ஆனால் சட்டப்படி தரையை நெஞ்சளவு உயர்த்த வேண்டும். அவ்வளவு உயரத்துக்கு நாற்காலி ஏறி இறங்க வேண்டுமென்றால் நீளமான சாய்தளம் வேண்டும். ஏழு பேர்ச்சுக்குள் அதை மடித்து மடித்துப் போட்டாலும், கடைசி மடிப்பு கரைத்துண்டுக்குள் போய் விழுகிறது. உயர்த்து என்பதும் சட்டம். நீட்டாதே என்பதும் சட்டம். நடுவில் இந்தப் பெண்!

விதிவிலக்குக் கேட்கிறவரிடம் வேறு வழி உண்டா என்று கேட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் முறை. "படி வைத்தால் அனுமதி உடனே கிடைக்கும். படியில் உங்களைத் தூக்க ஆள் உண்டா?" என்று கேட்டேன். அப்பா மருதமுத்து, ரப்பர்ப் பால் வெட்டி ஓய்ந்த மனிதர், "நான் இருக்கேனே மிஸ், இத்தனை வருஷம் நான்தானே தூக்குறேன்" என்று முன்னே வந்தார். வரும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். தர்ஷினி மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வீட்டை எனக்குக் குடுத்துட்டு, வாசலை அப்பா கையில குடுக்கிறீங்களா மிஸ்?"

விஜேசிரி மாத்தயாவின் பென்சில்

கந்தோருக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். எனக்கு மூத்த உத்தியோகத்தர் விஜேசிரி. மாத்தயா, அதாவது ஐயா என்று நான் கூப்பிடுவேன். என்னை நங்கி, அதாவது தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எந்த மனுவைக் காட்டினாலும் முதலில் "பே", முடியாது என்பார். அதற்குப் பிறகுதான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படிப்பார்.

இதற்கும் "பே" தான். ஆனால் இந்தத் தடவை காரணமும் சொன்னார். பிளானில் இருந்தது கருங்கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிக் கட்டும் சாய்தளம். கரைத்துண்டில் அப்படி ஒன்று நின்றால் வெள்ளம் அதில் மோதி, திரும்பிப் பக்கத்து வீட்டுக்குள் புகுந்துவிடும். "அந்தப் பெண்ணுக்கு வாசல் கொடுத்து, பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கொடுப்பாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை, அழுகையே வந்துவிட்டது.

அவர் என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினார். பிளானில் நிரப்பிக் கட்டிய பகுதியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வரிசையாகத் தூண்கள் வரைந்தார். மேலே பலகை மாதிரி ஒரு தளம். கீழே தண்ணீர் போக வெறும் இடம். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. பென்சிலைத் திருப்பித் தந்துவிட்டு, தன் உடைந்த தமிழில் சொன்னார்:

"நங்கி, சாமிக்குத் தூண் குடுத்தது நீங்கதானே. பொண்ணுக்குக் குடுக்க ஏன் மறந்தது?"

ஆட்டுக்கும் ஒரு பங்கு

அதோடு முடிந்துவிடுமா? கரைத்துண்டில் எது வந்தாலும் பக்கத்துக் காணிக்காரர் சம்மதிக்க வேண்டும். பக்கத்துக் காணி லெட்சுமி அக்காவுடையது. போன வெள்ளத்தில் கோழி, அடுப்பு, அரிசி எல்லாம் பறிகொடுத்தவர். "அது பாவப்பட்ட புள்ளதான், ஆனா என் வீட்டுக்குள்ள தண்ணிய தள்ளாதீங்க" என்று ஒரே பிடியாக நின்றார். குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

விஜேசிரி மாத்தயா சப்பாத்தைக் கழற்றினார். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு ஓயாவில் இறங்கினார். ஒரு பெரிய கல்லைப் புரட்டி வைத்தார். தண்ணீர் அதில் முட்டி, திரும்பிக் கரையை அரித்தது. கல்லை எடுத்துவிட்டு, நாலு ரப்பர் மரக் குச்சிகளை அங்கே நட்டார். தண்ணீர் குச்சிக்கு நடுவே அதுபாட்டுக்குப் போனது. லெட்சுமி அக்கா நம்பவில்லை. தானே இறங்கி, கல்லை வைத்துப் பார்த்தார், குச்சியை நட்டுப் பார்த்தார். கரையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தர்ஷினி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குச்சியில் சருகுகள் வந்து சிக்கின. "இது அடைச்சுக்கிட்டா?" என்றார் அக்கா. "அடைக்காம நான் பார்த்துக்கிறேன்" என்றார் மருதமுத்து. அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"வெள்ளம் வந்தா என் ஆடுங்களையும் அந்தச் சாய்தளத்துல ஏத்த விடணும். விடுறேன்னு சொல்லு தர்ஷினி, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

படிக்குக் கீழே ஒரு கூட்டம்

குழு கூடும் நாள் வந்தது. மனுதாரர் நேரில் வந்து பேசலாம். ஆட்டோவில் தர்ஷினியும் அப்பாவும் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது, குழு கூடுவது மேல்மாடியில்! போவதற்குப் படியைத் தவிர வேறு வழி கிடையாது. மருதமுத்து பழக்கத்தில் குனிந்தார். "வேணாம்ப்பா" என்றாள் தர்ஷினி. நான் இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினேன்.

கையில் தேநீர்க் கோப்பைகளோடு குழு முழுவதும் இறங்கி வந்தது. படிக்குக் கீழே, சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் கூட்டம் நடந்தது. ஓர் அங்கத்தவர், "வெள்ளம் வந்தால் எப்படியும் எல்லாரும் வீட்டை விட்டுப் போகத்தானே வேண்டும், அப்போது யாராவது தூக்கிக்கொண்டு போகலாமே" என்று கேட்டார். தர்ஷினி சரளமான சிங்களத்தில் பதில் சொன்னாள். வெள்ளம் வருவது வருஷத்தில் ஒன்றிரண்டு நாள். மிச்ச நாளெல்லாம் எனக்குக் கடைக்குப் போகணும், நூல் வாங்கணும், பஸ் பார்க்கணும் என்றாள். தூண்மேல்தான் கட்ட வேண்டும், கீழே எதையும் அடைக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு விதிவிலக்கு அங்கேயே முடிவாயிற்று. மருதமுத்து எல்லாரையும் கும்பிட்டார், ஆட்டோக்காரர் உட்பட. எனக்குக் கண்ணெல்லாம் மறைத்தது.

சபைத் தலைவர் மட்டும் நகரவில்லை. தான் இறங்கி வந்த படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தக் கட்டடத்துக்கு யார் பிளான் பாஸ் பண்ணினது?" என்று மெதுவாகக் கேட்டார். விஜேசிரி மாத்தயா தொண்டையைச் செருமினார்.

"நாங்கதான் சார்."

கடைசிப் பரிசோதனை

வீடு எழும்பியது. சாய்தளமும் நிபந்தனைப்படி நின்றது. இறுதியாக நான் போய்ப் பார்த்து, மனுதாரரின் கையெழுத்து வாங்கினால்தான் சான்றிதழ். நாளும் நேரமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனேன். போனால் தர்ஷினி இல்லை!

சாய்தளத்தை அளந்தேன். தூண்களைத் தட்டிப் பார்த்தேன். நானே ஒருமுறை ஏறி இறங்கினேன். சீமெந்தில் சக்கரம் போன ஈரத் தடம் கீழே இறங்கி, பாதைக்குத் திரும்பி, ரப்பர் மரங்களுக்குள் போயிருந்தது. போன் எடுத்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. அறிக்கை அன்றைக்கே போக வேண்டும், எனக்குக் கோபமான கோபம். மருதமுத்து வாசலில் நிலைகொள்ளாமல் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போவதும் வருவதும் பாதையை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். "எங்கே போயிருக்கிறாள்?" என்றேன். மனுஷனின் முகத்தில் கவலையும் இருந்தது, அதைத் தள்ளிக்கொண்டு ஒரு சிரிப்பும் வந்தது.

"எங்கம்மா போறன்னு கேட்டேன் மிஸ். வந்து சொல்றேன்னுட்டுப் போயிட்டா."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் தேடிப் போன மனுதாரர் வீட்டில் இல்லாமல் போனதற்காக, வெறுங்கையோடு பஸ் ஏறி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தது அந்த ஒரு நாள்தான்.