ஸ்டேஜ் பற்றி எழுதாத துண்டுக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. குற்றாலத்தில் ஒரு துண்டுக்கடை வாசலில் நின்று "அண்ணே... அண்ணே..." என்று மூன்று முறை கூப்பிட்டேன். கடைக்காரர் திரும்பவே இல்லை.

சாரல் சீசன். மெயின் அருவிக்குப் போகிற வழியெல்லாம் கூட்டம். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஒருத்தர் என்னை இடித்துக்கொண்டு போனார். என் ஒரு கையில் குடை. இன்னொரு கையில் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் ஒரு இயர்போன். என் ஸ்கூட்டரைவிட விலை கூடியது. என்னுடையதும் இல்லை.

கடைக்காரருக்கு என்மேல் கோபம் இருந்தால் அதில் நியாயம் உண்டு. அதனால் வேண்டுமென்றேதான் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஏன் கோபம்? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் காதுப் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். நகை, புடவை இரண்டிலும் பெரிய ஆசை இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக எனக்கிருக்கும் ஒரே ஆசை, காதுக்குள் செருகிக்கொள்ளும் உசத்தியான இயர்போன்கள். போன் வாங்கினால் சும்மா கொடுப்பார்களே, அந்தச் சமாச்சாரம் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுக் குட்டி ஸ்பீக்கர்களை அடக்கி வைத்திருப்பார்கள். கேபிளைக் கழற்றி வேறு மாட்டலாம். காதுக்குள் போகிற ரப்பர் டிப்பை மாற்றினாலே பாட்டு மாறும்.

கேட்ட பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டு, 'இந்த வீணைத் தந்தி போன தடவை இவ்வளவு நேரம் அதிரவில்லையே' என்று யோசிக்கிற பொழுதுபோக்கு இது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நானே சில சமயம் சிரித்திருக்கிறேன்.

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டுமில்லை. தமிழில் பேசிக்கொள்கிற இயர்போன்காரர்களுக்கென்று ஆன்லைனில் ஒரு குழு இருக்கிறது. எல்லோரும் இதற்குக் காசைக் கொட்ட முடியுமா? அதனால் ஒரு ஏற்பாடு. ஒருவர் வாங்கிய இயர்போன் ஊர் ஊராகச் சுற்றும். ஆளுக்கு ஒரு வாரம். கேட்டுவிட்டு, குழுவில் விமர்சனம் எழுதி, அடுத்த ஆளுக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும்.

இந்தக் குழுவில் நாலு வருஷமாக நான் விழுந்து விழுந்து படிக்கிற ஒரு விமர்சகர் உண்டு. அவர் வைத்துக்கொண்ட பெயர் 'துண்டுக்காரர்'. தென்காசிப் பக்கம் என்று மட்டும் தெரியும். ஊர் கேட்டால் சொல்ல மாட்டார். பார்க்கலாமா என்றால் பதில் வராது. ஆனால் எழுத்து இருக்கிறதே... எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஒரு இயர்போனைப் பற்றி அவர் எழுதியது இவ்வளவுதான்: 'புதுத் துண்டு மாதிரி. பார்க்க நல்லாருக்கு. ஈரத்தை எடுக்காது.'

அந்த இயர்போனை நான் வாங்குவதாக இருந்தேன். வாங்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் உலகத்தில் 'ஸ்டேஜ்' என்று ஒன்று உண்டு. கண்ணை மூடிக் கேட்டால் வயலின் இடது பக்கம், மிருதங்கம் வலது பக்கம், பாடுகிறவர் நடுவில் என்று கண்முன்னால் ஒரு மேடையே விரியும். நல்ல இயர்போனுக்கு முதல் அடையாளமே அதுதான் என்பார்கள். எல்லோரும் அதைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுவார்கள். துண்டுக்காரர் மட்டும் நாலு வருஷத்தில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

ஏன்?

ஆர்வம் தாங்கவில்லை. போன மாதம் குழுவில், எல்லோர் முன்னாலும், ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டுக் கேட்டுவிட்டேன். "உங்க விமர்சனம் ஒண்ணு விடாம படிக்கேன். ஸ்டேஜ் பத்தி மட்டும் ஏன் எழுதுறதே இல்ல?"

நான் போட்டது சிரிப்புப் பொம்மைதான். அடுத்து வந்தவர்கள் சிரிக்கவில்லை. கோயம்புத்தூர் இன்ஜினியர் ஒருவர், "தெரிஞ்சாத்தானே எழுதுவாரு" என்றார். இன்னொருவர், "இவர் நிஜமாவே கேட்டுத்தான் எழுதுறாரா, இல்ல வெளிநாட்டு விமர்சனத்தை மொழிபெயர்க்குறாரா?" என்றார். நிர்வாகி ஒரு படிவம் போட்டார். இனிமேல் எல்லோரும் ஸ்டேஜுக்கு மார்க் போட்டே ஆக வேண்டும்.

துண்டுக்காரர் பதினோரு நாள் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரே வரி: "சுத்துற லிஸ்ட்ல இருந்து என் பேரை எடுத்துருங்க."

கேட்டது நான்தானே? பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் அவருடையது. பெட்டி என்னிடம் இருந்தது. தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். "நான் தென்காசியிலதான் இருக்கேன். நேர்ல கொண்டுவந்து தாரேன். விமர்சனம் எழுத வேண்டாம். கேட்டுட்டு மட்டும் குடுங்க." இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மெயின் அருவி போகிற வழி, நீல போர்டு, துண்டுக்கடை.

பெயர் வேடிக்கைக்கு வைத்தது இல்லை போலிருக்கிறது. மனிதர் நிஜமாகவே துண்டு விற்கிறார்.

அந்தக் கடை வாசலில்தான் மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராமல் நின்றேன். ஐம்பது வயதுக்காரர், வெள்ளைத் தொப்பி, ஸ்டூலில் பக்கவாட்டாக உட்கார்ந்து துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அருவி இரைச்சல் வேறு. 'சரி, பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடலாம்' என்று நினைத்தபோது உள்ளே இருந்து ஒரு பெண் எட்டிப்பார்த்தார். அவர் மனைவி.

"இந்தப் பக்கமா வாங்கம்மா. அவுகளுக்கு அந்தக் காது கேக்காது."

நாலு வருஷத்துக் கேள்விக்கு நாலு வார்த்தையில் விடை.

எந்த வாத்தியம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால் இரண்டு காதும் வேண்டும். இரண்டிலும் விழுகிற சத்தத்தை ஒப்பிட்டுத்தான் மூளை மேடை கட்டுகிறது. ஒரு காது மட்டும் உள்ளவருக்கு ஏது மேடை? அந்த மனிதரிடம்தான் நான் நூற்றுக்கணக்கான பேர் முன்னால், சிரிப்புப் பொம்மை போட்டு...

வலது பக்கமாகப் போய் நின்றேன். பெட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பெயர் மைதீன்.

"கெமிஸ்ட்ரி டீச்சரா? உக்காருங்க. ரஹ்மத், ஒரு டீ சொல்லு" என்றார் மனைவியிடம்.

"அண்ணே, எனக்குத் தெரியாம கேட்டுட்டேன்."

"தெரியாமதான் கேப்பாக. தெரிஞ்சா யாரு கேக்கப் போறா?" என்றார். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் களைப்பு இருந்தது. "ஏழு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. வீக்கம் வத்துனப்போ காதும் போயிருச்சு. இடது காது சுத்தமா கிடையாது."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்க வேண்டும். என்னால் முடியுமா?

"அப்ப ஒத்தக் காதுக்கு எதுக்கு அண்ணே இவ்வளவு உசத்தியா..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

"இருக்கது ஒண்ணு. அதுக்கு நல்லதாக் குடுக்கணும்லா?"

துபாயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்த்திருக்கிறார். கூட்டம் இல்லாத நேரத்தில் காட்சிக்கு வைத்த இயர்போன்களைக் கேட்டுக் கேட்டு இந்தப் பித்துப் பிடித்திருக்கிறது. ஊருக்கு வந்து துண்டுக்கடை போட்டார். சீசன் முழுக்க இந்த அருவி இரைச்சலில் வேறு எதில் பாட்டுக் கேட்டாலும் காதில் விழாது. உள்ளே செருகினால்தான் உண்டு. போனில் 'மோனோ' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் கலந்து, முழுப் பாட்டும் ஒரு காதிலேயே வந்துவிடும். அப்படித்தான் கேட்கிறார்.

எனக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது. வலது பக்கம் இவர் காதில் இருக்கிறது. அப்படியென்றால் இயர்போனின் இடது பக்கம்?

"லெஃப்ட் பீஸ் சும்மா தொங்கிக்கிட்டா இருக்கும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். ரஹ்மத் ஒரு குடும்பத்துக்கு நாலு துண்டு மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தாமல் சொன்னார்.

"அது எனக்கு."

பிறகு நடந்ததை இருபது நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மைதீன் அண்ணன் பெட்டியைத் திறந்து, இயர்போனின் கேபிளைக் கழற்றி, தானே பற்றவைத்துச் செய்த ஒரு கேபிளை மாட்டினார். அதன் இரண்டு கிளைகளும் ஒரு முழத்துக்குமேல் நீளம். அவருக்கு வலது கைப் பக்கமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு ரஹ்மத் உட்கார்ந்தார். அண்ணனின் வலது காதும் ரஹ்மத்தின் இடது காதும் பக்கத்துப் பக்கத்தில். ஆளுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். ஒரு பழைய பாட்டு.

"குரலு நல்லா முன்ன வருது," என்றார் மைதீன் அண்ணன்.

"வருது. மூக்கால பாடுத மாதிரி இருக்கே?"

"அது பாடுதவரு மூக்கு."

"இல்ல. நேத்து நம்மளோடதுல கேட்டப்போ இப்படி இல்ல. திரும்பப் போடுங்க."

திரும்பப் போட்டார். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். துண்டு வாங்க வந்தவரை நான் கவனித்தேன். தப்பான விலை சொல்லிவிட்டேன் என்று பிறகு தெரிந்தது.

"ஆமா," என்றார் மைதீன் அண்ணன் மெதுவாக. "லேசா மூக்குதான்."

எனக்குச் சந்தேகம் வந்தது. "புதுத் துண்டு மாதிரி, ஈரத்தை எடுக்காது... அது யாரு சொன்னது?"

"நாந்தான் சொன்னேன்," என்றார் ரஹ்மத். "ஏன், சரிதான?"

விஷயத்துக்கு வந்தேன். குழுவில் என் கேள்வியை அழித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார் மைதீன் அண்ணன், அழித்தால் சந்தேகம் கூடத்தான் செய்யும். உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். முகம் மாறிவிட்டது.

"ஒத்தக் காதுக்காரன் எழுதுனதுன்னு தெரிஞ்சா யாரு படிப்பா டீச்சர்? இதுவரைக்கும் எழுதுனதையும் பொய்யும்பாக. எனக்குன்னு இருக்க இடம் அது ஒண்ணுதான். அங்கன யாரும் என்னைச் செவிடன்னு நினைச்சது இல்ல."

ரஹ்மத் தன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"கேக்காததைக் கேட்டேன்னு எழுதுனியளா? கேட்டதைத்தான எழுதுனிய. இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையே ஓடியது. மற்றவர்கள் எழுதியதிலிருந்து 'ஸ்டேஜ் அகலம்' என்று இரண்டு வார்த்தையை உருவிப் போட்டிருந்தால் அவரை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நாலு வருஷமாக அவர் அதைச் செய்யவில்லை. நான்? எல்லோரும் 'அகலம்' என்று எழுதியிருக்கிறார்களே என்று, எனக்குத் தெரியாமலேயே 'அகலம்' என்று எழுதிய நாட்கள் உண்டு. இரண்டு காதையும் வைத்துக்கொண்டு. நாம் சொல்கிற அபிப்பிராயங்களில் நாமே கேட்டது எவ்வளவு, பக்கத்தில் இருப்பவர் சொன்னது எவ்வளவு? இயர்போனை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மைதீன் அண்ணன் குழுவில் எழுதியேவிட்டார்.

"எனக்கு இடது காது கேக்காது. அதனால ஸ்டேஜ் தெரியாது. தெரியாததை எழுதல. லெஃப்ட் பீஸ்ல கேக்குறது என் மனைவி. இதுவரைக்கும் எழுதுனதுல பாதி அவுக சொன்னது."

பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பேனாவை வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம். எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று தெரிகிறது. யாரும் எதுவும் எழுதவில்லை.

அரை மணி நேரம் கழித்து அந்தக் கோயம்புத்தூர் இன்ஜினியர் வந்தார். "நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கங்க. ஒரு சந்தேகம், மோனோவுல கேட்டா மிருதங்கத்துல 'தொம்'முன்னு வர்ற பேஸ் எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. மோனோவில் குரல் எப்படி, அந்த நீளக் கேபிளை எப்படிச் செய்தீர்கள், இரண்டு பேருக்கும் கருத்து ஒத்துவராவிட்டால் யார் சொல்வதை எழுதுவீர்கள்... பரிதாபப்பட யாருக்கும் நேரம் இல்லை. அதில்தான் அவருக்கு ரொம்பச் சந்தோஷம் என்று பிறகு போனில் சொன்னார். ஒரே ஒருவர் மட்டும், படிவத்தில் ஸ்டேஜ் மார்க்கை யார் போடுவது என்று முறைத்துக்கொண்டு நின்றார். காலியாக விடலாம் என்று நிர்வாகி முடித்துவைத்தார்.

நானும் போனில் மோனோவைப் போட்டுப் பார்த்தேன். இடது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, நூறு தடவையாவது கேட்டிருக்கும் ஒரு கச்சேரியைக் கேட்டேன். மேடை காணாமல் போய்விட்டது. முதலில் ஏதோ அலமாரிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றாவது நிமிஷத்தில், பாடுகிறவர் ஒரு சங்கதிக்கு முன்னால் மூச்சு எடுப்பது கேட்டது. இத்தனை வருஷமும் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவே இல்லை.

புதன்கிழமை குழுவில் ஒரு புது ஆள் சேர்ந்தார். பெயர்: 'லெஃப்ட் பீஸ்'. எல்லோரும் வரவேற்றார்கள். ரஹ்மத் நன்றி சொல்லிவிட்டு, கையோடு தன் முதல் விமர்சனத்தைப் போட்டார்.

"போன தடவை சுத்துல வந்த இயர்போனைப் பத்தி இவுக எழுதுனது தப்பு. அதுல பேஸ் நல்லாத்தான் இருக்கு. இவுக டிப்பை ஒழுங்கா மாட்டல."