பின்சீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும்

ஒரு கை பெட்ரோல் டேங்கின் மேல் நாடி பார்ப்பதுபோல் விரிந்திருந்தது. மறு கை கார்புரேட்டரின் திருகாணியைக் கால் திருப்பு, கால் திருப்பாகத் தளர்த்திக்கொண்டிருந்தது. விரல் இடுக்குகளில் எந்தச் சோப்புக்கும் அடங்காத கறுப்பு. யாரோ அந்தத் திருகாணியை முடிந்தமட்டும் உள்ளே முறுக்கி வைத்திருந்தார்கள். எஞ்சினின் இரைச்சல் மெல்ல இறங்கியது, ஒருமுறை படபடத்தது, பிறகு ஒரே சீராக ஓடியது. அவர் கையை எடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினார். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. இனி வராது என்பது திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. பின்னால் சமையலறை. நடுவில் ஒரு சுவர், அதில் கதவில்லாத ஒரு வழி. இவர் இங்கே எஞ்சினை ஓடவிட்டால் அங்கே அடுப்பில் நிற்கும் மனைவி தீர்ப்புச் சொல்லிவிடுவாள். வண்டி திணறினால் "மூச்சு வாங்குது" என்பாள். சும்மா நிற்கும்போது இரைச்சல் ஏறி இறங்கினால் "பொய் சொல்லுது" என்பாள். எல்லாம் சரியாக அமைந்து, தட்டிலிருக்கும் ஸ்பேனர்கூட அதிராமல் எஞ்சின் ஓடும்போது மட்டும் "இப்போ தூங்குது" என்பாள். அவள் தூங்குது என்று சொல்லாமல் எந்த வண்டியும் அந்தப் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. போன வருடம் அவள் இறந்துபோனாள். முதுகெலும்பில் வந்த கட்டி. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரொம்பவும் பரவியிருந்தது.

தெருவில் அவருக்குப் 'பொறு மெக்கானிக்' என்று பெயர். வண்டியைக் கொண்டுவந்து அவசரப்படுத்துகிறவர்களிடம் அவர் சொல்லும் ஒரே பதில் அதுதான். லாரி ஷெட்டில் செயின் கழுவும் வேலைக்குப் போனவர். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. மற்றவர்கள் கைவிட்ட வண்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டார். அதனால் அவருக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பேட்டரி, பிறகு வயர், பிறகு பிளக், கடைசியில்தான் கார்புரேட்டர். "கரண்டு கெட்ட வண்டிக்குக் கார்புரேட்டரைத் திருகுறது, பல்வலிக்கு மண்டையில தைலம் தேய்க்கிற மாதிரி" என்பார்.

இப்போது அவர் முன்னால் நிற்பது அவருடைய சொந்த வண்டி. மனைவி இறந்த பிறகு மகள் அதைக் கேட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பக்கத்து ஊரில் ஒரு மருந்துக் கிடங்கில் அவளுக்கு வேலை. வண்டி நடுச்சாலையில் நின்றுபோகிறது என்று அங்கேயே இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டியிருக்கிறாள். ஒருவன் கார்புரேட்டரைக் கழுவினான். இன்னொருவன் திருகாணியை முறுக்கிவிட்டான். இரண்டுக்கும் கேட்காமல்தான் இங்கே வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சமையலறைக்குள் போகவில்லை.

"சிக்னல்ல பிரேக் பிடிச்சா படுத்துடுதுப்பா. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே உயிரை எடுக்கிறான். இந்தத் தடவையும் சரியாகலேன்னா பழைய இரும்புக்கடையில போட்டுட்டு பஸ்ல போயிடுவேன்."

அவர் தலையாட்டினார். வண்டி போய்விட்டால் இவள் இந்த வாசலுக்கு வர வேறு காரணம் இருக்காது என்று அவருக்குத் தெரியும். சாவு வீட்டில், எல்லோரும் கேட்க, "அம்மாவையும் பொறு பொறுன்னு சொல்லியே அனுப்பிட்டீங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் வண்டியைப் பற்றி மட்டும்தான்.

திருகாணிக்கு வருமுன், முதலில் பக்கவாட்டு மூடியைத் திறந்தபோதே அவர் உச்சுக்கொட்டினார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள்.

"இதை யாரு போட்டது?"

"முதல்ல பாத்தவன். ஃபியூஸ் அடிக்கடி போகுது, இதப் போட்டா போகாதுன்னான்."

"போகத்தாம்மா அதை வச்சிருக்கு. ஃபியூஸ் போறது நோயில்ல. எங்கியோ நோய் இருக்குன்னு சொல்றது. சொல்றவன் வாயைக் கட்டிப்போட்டுட்டா நோய் போயிடுமா?"

கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அளவான ஃபியூஸைப் போட்டார். பேட்டரியை மீட்டரில் பார்த்தார், குறையில்லை. எர்த் வயரின் முனையைக் கழற்றிச் சுரண்டி மறுபடி இறுக்கினார். பிளக்கில் பொறி நீலமாக விழுந்தது. பிறகுதான் எஞ்சினை ஓடவிட்டு, அந்தத் திருகாணியைத் தளர்த்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். வண்டியில் ஏறித் தெருமுனைவரை போய் வந்தார். வாசலில் நிறுத்தி பிரேக்கை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது, எஞ்சின் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொறும்மா..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கப்பா."

அவர் எஞ்சினை அணைத்தார். கையில் வேறு வேலை இல்லாததால் அழுக்குத் துணியை எடுத்து மடித்தார்.

எதிர்ப்பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் டீ டம்ளர்களோடு தெருவைத் தாண்டி வந்தார். சூழ்நிலை தெரியாத மனிதர்.

"என்னண்ணே, சொந்த வண்டியே மக்கர் பண்ணுதா? வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பொண்டாட்டி நோயா..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். டம்ளர்களைத் திண்டாட்டத்தோடு டூல்ஸ் பெட்டி மேல் வைத்துவிட்டு, விட்ட சொல்லை மறைக்க மகளிடம் திரும்பினார்.

"எப்பப் பாப்பா நிக்குது? காலையிலயா?"

"காலையில ஒரு தடவைகூட நின்னதில்ல மாமா. சாயங்காலம் திரும்பி வரும்போதுதான்."

"சாயங்காலத்துல கண்ணு தெரியாத வண்டியா?" என்று தானே சிரித்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

மெக்கானிக் நிமிர்ந்தார். "சாயங்காலம் என்ன வேற? லைட்டுப் போடுவியா?"

"இல்ல. வெளிச்சத்துலயே வந்துடுவேன். கூட வேலை பாக்கிற அக்கா ஏறிக்குவாங்க. அவ்வளவுதான்."

"எல்லா நாளும்?"

"நின்ன நாளெல்லாம் அவங்க இருந்தாங்க." சொல்லிவிட்டு அவளே யோசித்தாள்.

அவர் வண்டியில் ஏறி கிக்கரை உதைத்தார். "ஏறும்மா பின்னால."

அவள் தயங்கி, ஹெல்மெட்டைப் படியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அந்தச் சீட்டின் பின்பகுதியில் ஆள் கனம் இறங்கியதை அவர் தன் முதுகில் உணர்ந்தார். ரொம்ப நாளாயிற்று. பிரேக்கை அழுத்தினார். எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது. போட்ட ஃபியூஸ் கருகியிருந்தது.

"தனியா ஓட்டிப் பாத்துட்டே இருந்தேன் பாரு" என்றார். அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை.

சீட்டைக் கழற்றித் தரையில் கவிழ்த்தார். அதன் மேலுறை கடையில் வாங்கியதல்ல, மனைவி தைத்தது. பின்பகுதி மட்டும் தலையணைபோல் உப்பியிருக்கும். வண்டிக்கு அழகாக இருக்கட்டும் என்று செய்ததாகத்தான் அவர் இதுவரை நினைத்திருந்தார். உறை நழுவாமல் இருக்க அவள் பட்டறையிலிருந்தே கட்டுக்கம்பியை எடுத்து, சீட்டின் அடித்தகட்டில் முறுக்கிக் கட்டியிருந்தாள். வெட்டிய முனை மடிக்கப்படாமல் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் சீட்டு அமுங்கும், கம்பி இறங்கும், கீழே ஓடுகிற பிரேக் விளக்கு வயரைக் குத்தும். வயரின் தோலில் நாள்பட்டுக் குத்துப்பட்ட இடம் சின்ன வாய்போலத் திறந்திருந்தது. பிரேக்கை அழுத்தினால் அந்த வயரில் ஓடும் கரண்டு கம்பி வழியாக வண்டியின் உடம்புக்குள் இறங்கிவிடும். எஞ்சினுக்கு மிஞ்சாது.

ஊரார் வண்டியில் அடுத்தவன் கை பட்ட இடத்தை முதலில் தேடுகிறவர் அவர். தன் வீட்டுக் கை பட்ட இடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

கட்டுக்கம்பியின் முறுக்கைக் குறடால் பிரித்தார். உறை தளர்ந்து திறந்தது. உள்ளே பஞ்சு இல்லை, துணி. அடுக்கடுக்காக மடித்துத் தைத்த துணி. மகள் குனிந்து பார்த்தாள்.

"என் ஸ்கூல் பாவாடை" என்றாள். அது அடியில் இருந்தது. அதன்மேல் அவருடைய காக்கிச் சட்டை. அதன்மேல் ஜன்னல் திரை. பிறகு ஒரு துண்டு. அதற்கும் மேல் ஒரு போர்வையின் பாதி. எல்லாம் ஒரே நாளில் தைத்தவை அல்ல. அடித்துணியில் தையல் எறும்பு வரிசைபோல் நெருக்கமாக இருந்தது. மேலே வர வர நீண்டு, கோணி, கடைசித் துணியில் ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக இழுத்து விடப்பட்டிருந்தது.

அவர் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டி ரொம்பக் குலுக்குதுங்கன்னு உங்கம்மா சொன்னா" என்றார். "நான் பின்னாடி ஷாக் அப்சார்பரை மாத்தினேன். மறுபடி சொன்னா. காத்தைக் குறைச்சேன். இன்னும் குலுக்குதேன்னா. பொறு, பாக்கிறேன்னு சொன்னேன். வண்டியைத்தான் பாத்தேன்."

பஞ்சர் கடைக்காரர் ஆறிப்போன டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

மகள் துணியின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்த அக்கா சொல்லுவாங்க, உன் வண்டியில சீட்டு மட்டும் மெத்தை மாதிரி இருக்குன்னு" என்றாள். "எங்கம்மா தைச்சதுன்னு பெருமையா சொல்லிக்கிட்டேன். எனக்கும் தெரியலப்பா. எங்கிட்டயும் சொல்லல."

"எதையாவது எடுத்துடவா? கனம் குறையும்."

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

குத்துப்பட்ட வயரை வெட்டி, புதுத்துண்டு இணைத்து ஈயம் வைத்தார். மேலே ரப்பர் குழாயைச் செருகி, சீட்டு எவ்வளவு அமுங்கினாலும் எட்டாதபடி சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோனார். துணிகளை இருந்த வரிசையிலேயே அடுக்கினார். கோணல் தையலைத் தொடவில்லை. கட்டுக்கம்பிக்குப் பதில் பழைய டியூபை நீளமாக அறுத்து, உறையைச் சுற்றி இழுத்துக் கட்டினார். சீட்டைப் பூட்டி, புது ஃபியூஸைப் போட்டார்.

"நீ ஓட்டு. நான் பின்னால ஏறிக்கறேன்" என்றார். "கனம் வேணும், அப்பத்தான் தெரியும்."

இத்தனை வருடத்தில் அவர் அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்ததும் மெத்தென்று உள்ளே வாங்கியது. தெருமுனைவரை போனார்கள். அங்கே தோண்டி மூடாத பள்ளம் ஒன்று உண்டு. அதில் இறங்கி ஏறியபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அத்தனை துணிக்குப் பிறகும் அடி நேராக முதுகுத்தண்டில்தான் ஏறியது.

திரும்பி வந்து வாசலில் நிறுத்தினாள். பிரேக்கை அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். எதிர்ச்சுவரில் சிவப்பு வெளிச்சம் வந்து வந்து போனது. எஞ்சின் நிற்கவில்லை. ஒரே சீராக, ஒரே தாழ்வில் ஓடியது. இருவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியது அவரல்ல.

"தூங்குதுப்பா" என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமல்.

அவர் இறங்கினார். எஞ்சினை அணைத்துவிட்டு அவளும் இறங்கி, படியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்தாள். பிறகு அதை அங்கேயே வைத்துவிட்டு, "பொறுங்க, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று பட்டறையைக் கடந்து உள்ளே போனாள். சமையலறையில் செம்பு ஒன்று நகரும் ஓசை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது.

அவர் துணியால் சாவியை ஒருமுறை துடைத்தார். கைப்பிடியையும் துடைத்தார். மிச்சமிருந்த இரண்டு ஃபியூஸ்களைத் தாளில் சுற்றி, பக்கவாட்டு மூடிக்குள் வைத்தார்.

"மறுபடி போச்சுன்னா கம்பி கட்ட விடாதே. இங்கே கொண்டா."

அவள் கையை நீட்டினாள். அவர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.