மூன்றாம் தளத்தின் மேற்குச் சங்கிலி

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 5.20-க்கு எழுந்தேன். 5.25-க்கு மோட்டார் போட்டேன். மாடித் தொட்டி நிறையப் பதினெட்டு நிமிடம் ஆகும். அந்தப் பதினெட்டு நிமிடத்துக்குள் பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டு, மடிக்கணினியைத் திறந்து, முந்தைய நாள் என் இணையதளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்து நாட்குறிப்பில் எழுதிவிடுவேன். அன்று எழுதியது இவ்வளவுதான்: "வருகை 3. சாரல். துணி உள்ளே காயப் போட்டது."

என் இணையதளம் கணினி விளையாட்டுகளைப் பற்றியது. சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுகள் இல்லை. பூட்டிய அறைகள், மறைந்த சாவிகள், யோசித்துத் திறக்க வேண்டிய கதவுகள் உள்ளவை. மஸ்கட்டில் இருக்கும் தம்பி ஒரு விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய மடிக்கணினியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் அப்படி ஒரு விளையாட்டு இருந்தது. அம்மா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்த சமயம் அது. கோட்டாற்றில் இந்த மாடி வீட்டில் நான் மட்டும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். அந்த விளையாட்டை ஆடி முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. எங்கெங்கே திணறினேனோ அதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். அதைத் தமிழில் ஒரு வழிகாட்டியாக எழுதி இணையத்தில் போட்டால், இன்னொருவர் திணறும்போது உதவுமே என்று தோன்றியது. ஆரம்பம் அதுதான். இப்போது பதினொரு விளையாட்டுகளுக்கு வழிகாட்டி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வரிகளுக்கு எண் போட்டிருப்பேன். ஒரு விளையாட்டை மூன்று முறை ஆடி முடிக்காமல் அதைப் பற்றி எழுதுவதில்லை என்று முகப்பிலேயே போட்டிருக்கிறேன்.

8.10 பஸ்ஸில் இராஜாக்கமங்கலம் போனேன். அங்கே ஒரு ஆவண எழுத்தரின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு வேலை. கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாப் பத்திரங்களும் என் கையால்தான் அடிக்கப்படுகின்றன. என் வழிகாட்டிகளில் ஒவ்வொரு அறையையும் நான் நான்கு எல்லை சொல்லித் தொடங்குவதும் இந்த வேலையிலிருந்து வந்த பழக்கம்தான். கிழக்கே ஜன்னல், மேற்கே கதவு, வடக்கே அலமாரி, தெற்கே மாடிப்படி என்று போட்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

பக்கத்து மேசையில் இருப்பவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். குடையை மடக்குவதற்குள் அவளுடைய தினசரிக் கேள்வி வந்துவிட்டது.

"எக்கா, நேத்து எத்தன பேரு?"

"மூணு."

"அதுல நீங்க எத்தன?"

"நான் என்னைக் கழிச்சிட்டுத்தான் மக்கா எழுதுவேன்."

"அப்பம் அந்த மூணு பேருக்க அட்ரஸ வாங்குங்க. ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு மீன் கொழம்பு வச்சிக் குடுப்போம். இவ்வளவு கஷ்டப்பட்டு வாசிக்காவல்லா."

சிரித்தேன். அவள் கேலிக்குத்தான் கேட்கிறாள் என்றாலும், அதைக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

11 மணிக்கு ஒருவர் வந்தார். பதினெட்டு சென்ட் தென்னந்தோப்பை விற்கிறவர். முந்தின நாள் நான் அடித்து வைத்திருந்த பத்திர நகலை வாசித்துக்கொண்டே வந்து, ஆவண எழுத்தரின் மேசைமேல் வைத்து ஒரு வரியில் விரலை ஊன்றினார்.

"அண்ணாச்சி, தெக்க புளியமரம்னு போட்டிருக்கியளே. அது சுனாமிக்கு முன்னயே போச்சு."

ஆவண எழுத்தர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "மூலப் பத்திரத்துல அப்படித்தான் வே இருக்கு."

"மூலத்துல இருக்கும். மண்ணுல இல்லியே."

"ஒமக்க அப்பாவும் புளியமரம்னுதான் எழுதி வாங்கினாரு. அவரு ஒண்ணும் சொல்லல்லியே."

"அவருக்கு வாசிக்கத் தெரியாது, அதுனால சொல்லல்ல. நான் வாசிச்சிட்டேம்லா."

பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவண எழுத்தர் நகலை என் பக்கம் நகர்த்தி, "மாத்திப் போடும்மா. இப்பம் அங்க என்ன நிக்குன்னு இவருட்டயே கேட்டுக்கோ" என்றார். தெற்கே இப்போது ஒரு கம்பிவேலி இருக்கிறதாம். மாற்றினேன். எங்கள் வேலை எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது. பழைய பத்திரத்தில் உள்ள நான்கு எல்லையை அப்படியே புதியதில் இறக்குவோம். யாரும் இடத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய ஒரு நிலத்தில்கூட என் கால் பட்டதில்லை.

மாலை 5.30 பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஷட்டர் இறக்கியிருந்ததால் வெளியே பார்க்க எதுவும் இல்லை. புளியமரமே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இல்லாத மரம் இருபது வருடமாகப் பத்திரத்தில் நின்றிருக்கிறது, ஏனென்றால் அதை வாசித்துக்கொண்டே நிலத்தில் நடந்தவர் யாரும் இல்லை. பஸ் கோட்டாற்றுக்குள் நுழையும்போதுதான் அது உறைத்தது. நானும் ஒருமுறை வீட்டில் அதே காரியத்தைச் செய்திருக்கிறேன்.

6.20-க்கு வீடு. விளக்குப் போட்டு, நனைந்த சேலையை மாற்றிவிட்டு, 2019-ஆம் ஆண்டு நாட்குறிப்பை அலமாரியிலிருந்து எடுத்தேன். அந்த வருடம் எழுதிய விளையாட்டு ஒரு கலங்கரை விளக்கத்துக்குள் நடப்பது. உள்ளே மாட்டிக்கொண்டவர் கையில் ஒரு சிறு விளக்குடன் ஒவ்வொரு தளமாக ஏறி உச்சிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு சங்கிலி தொங்கும். சரியானதை இழுத்தால் கதவு திறக்கும். தவறானதை இழுத்தால் விளக்கு அணைந்து தரைத்தளத்தில் வந்து விழுவோம். மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும்.

பிப்ரவரி 17-இல் இப்படி எழுதியிருந்தேன்: "மூன்றாம் தளம் எழுதினேன். இரண்டாம் தளத்தைப் போலவே. 7.15-க்கு முடித்தேன்."

"போலவே" என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விளையாட்டைத் திறந்து, என் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதியிருப்பதை மட்டும் செய்தேன். முதல் தளம் சரி. இரண்டாம் தளம் சரி. மூன்றாம் தளத்தில் 14-ஆம் வரி: "மேற்குச் சங்கிலியை இழுக்கவும். இரும்புக் கதவு திறக்கும்." இழுத்தேன். விளக்கு அணைந்தது. தரைத்தளத்தில் கிடந்தேன்.

மாடிப்படி சுற்றிச் சுற்றி ஏறுவதால் மூன்றாம் தளத்தில் எல்லாம் திசை மாறி இருக்கிறது. இழுக்க வேண்டியது கிழக்குச் சங்கிலி. மூன்று முறை ஆடியபோதும் கை தானாகச் சரியானதை இழுத்திருக்கும். எழுதும்போது மட்டும் இரண்டாம் தளத்தின் எல்லைகளை அப்படியே மூன்றாவதில் இறக்கியிருக்கிறேன்.

பிழை பெரிதில்லை, ஒரு சொல்தான். ஆனால் ஐந்து வருடமாக அது அங்கே இருக்கிறது. யாரும் சொல்லவில்லை. அப்படியென்றால் என் வரிகளைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தளம் வரை ஏறி வந்தவர் ஒருவர்கூட இல்லை என்று ஆகிறது. தினமும் காலையில் எழுதிய மூன்றும் இரண்டும் ஒன்றும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கைதான். நான் தோற்றத்தைக் கண்டு ஏமாறுகிறவள் இல்லை. கூட்டம் இருப்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை. ஒருவராவது கடைசிவரை போயிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று, வாசகர்கள் எழுதுவதற்காக வைத்திருந்த மின்னஞ்சலைத் திறந்தேன். வழக்கம்போல் ஒன்றும் இல்லை. ஓரத்தில் குப்பை அஞ்சல்களுக்கு ஒரு பெட்டி உண்டு. இணையதளத்தோடு சேர்ந்து வந்த மின்னஞ்சல் என்பதால், அதில் விழுந்தவை தானாக அழிவதில்லை. விளம்பரங்கள் போய்ச் சேரும் இடம் என்று நான் அதைத் திறந்ததே இல்லை. அன்று திறந்தேன். வருடம் வருடமாகப் பின்னால் போனேன். கடன் தருகிறோம், முடி வளர்க்கிறோம் என்பவற்றுக்கு நடுவே, 2020 ஜூன் மாதத்தில், ஒரே முகவரியிலிருந்து மூன்று கடிதங்கள் இருந்தன. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார், இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

ஜூன் 11: "வணக்கம். குவைத்துல இருக்கேன், சொந்த ஊரு மணவாளக்குறிச்சி பக்கம். கொரோனான்னு ஒத்த ரூம்ல பதினாலு நாளு அடச்சுப் போட்டிருக்காங்க. நீங்க எழுதுனத வச்சிதான் ஆடுகேன். மூணாவது தளத்துல 14-ஆவது வரியில வெளக்கு அணஞ்சு போவுது. என்ன செய்யணும்?"

ஜூன் 15: "ஒண்ணாவது வரியில இருந்து ஒம்பது தடவ பாத்துட்டேன். எங்கியோ ஒண்ண விடுகேன் போல. எதுன்னு மட்டும் சொன்னாப் போதும்."

ஜூன் 24: "நாளைக்கு வெளிய விடுகாங்க. வேலைக்குப் போணும், இனி ஆட நேரம் கெடைக்காது. தப்பு எனக்க பக்கந்தான், நீங்க இவ்வளவு கணக்கா எழுதியிருக்கீங்க. பரவால்ல. வாசிச்சா நம்ம ஊரு ஆளு பக்கத்துல இருந்து சொல்லித் தருகது போல உண்டும். அதுக்கு நன்றி."

2020-ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். ஜூன் 11 முதல் 24 வரை ஒவ்வொரு நாளுக்கும் "வருகை 1" என்று இருந்தது. 19-ஆம் தேதிக்கு எதிரே கூடுதலாக ஒரு வரி: "தினமும் ஒன்று. ஏதோ இயந்திரமாக இருக்கும்."

அவர் ஒருமுறை கிழக்குச் சங்கிலியை இழுத்துப் பார்த்திருக்கலாம். அறையில் இருந்ததே இரண்டு சங்கிலிதான். ஒன்பது முறை விழுந்தவர் பத்தாவது முறை மற்றதை இழுத்திருந்தால் கதவு திறந்திருக்கும். நான் மேற்கு என்று எழுதியிருந்ததால் அவர் இழுக்கவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். கீழ்வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து மேசைக்காரியின் எண்ணை எடுத்தேன். அவள் அந்நேரம் பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருப்பாள். என்ன சொல்வது, நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருவர் விளையாட்டில் தோற்றுப்போனார் என்றா? கைபேசியை வைத்துவிட்டேன்.

7.40-க்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி எழுத முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

"வணக்கம். உங்கள் கடிதங்களை இன்றுதான் பார்த்தேன். அவை குப்பைப் பெட்டியில் கிடந்தன, நான் திறந்து பார்க்கவில்லை. 14-ஆம் வரியில் மேற்கு என்று எழுதியது என் பிழை, கிழக்குச் சங்கிலியைத்தான் இழுக்க வேண்டும். நீங்கள் எதையும் விடவில்லை."

அனுப்பினேன். முகவரி இல்லை என்று திரும்பி வருமோ என்று பத்து நிமிடம் பார்த்தேன். வரவில்லை.

அதன் பிறகு பக்கத்தைத் திருத்தினேன். தவறான சொல்லை அழிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் பதிவான பத்திரத்தில் பிழை இருந்தால் அதைச் சுரண்டி மாற்ற முடியாது. பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுத வேண்டும்: இன்ன பத்திரத்தில் இன்ன இடத்தில் தவறுதலாக இப்படி எழுதப்பட்டுவிட்டது, அதை இப்படி வாசித்துக்கொள்ள வேண்டியது. அதையே 14-ஆம் வரிக்குக் கீழே செய்தேன். தேதி போட்டேன். பிழை எழுதியவருடையது, ஆடியவருடையது அல்ல என்றும் போட்டேன். ஆனால் பிழைத்திருத்தல் பத்திரத்தில் இரண்டு தரப்பும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் சார்பதிவாளர் வாங்க மாட்டார்.

எட்டே முக்காலுக்கு மூன்றாம் தளத்துக்கு மறுபடி ஏறினேன். கிழக்குச் சங்கிலியை இழுத்தேன். இரும்புக் கதவு திறந்தது. அதற்கு மேல் போகவில்லை. விளையாட்டை அங்கேயே நிறுத்திவிட்டு, காலையில் வைத்த ரசத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் நடந்ததை எழுதினேன். 2020 நாட்குறிப்பை மறுபடி எடுத்து, ஜூன் 19-க்கு எதிரே, "இயந்திரம் அல்ல" என்று எழுதி, பக்கத்தில் 2024 ஜூலை 9 என்று தேதியைப் போட்டுச் சுருக்கொப்பமிட்டேன்.

மறுநாள் காலை 5.20-க்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை, வருகையைப் பார்க்கவில்லை. முதலில் குப்பை அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். இரவு புதிதாகப் பதினொன்று வந்திருந்தன. எல்லாம் விளம்பரம் போலத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் திறந்து, கடைசி வரிவரை வாசித்தேன்.