சூடு தெரியாத கைகள்

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் டொக்டர் இல்லை, கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. தராசில் ஏற்றும் முன் என் பைக்குள் கையை விட்டுக் கிளறியவர், முற்றிய இலைகளாகப் பார்த்து அள்ளி வெளியே போட்டார். "என்ன தனம் அக்கா, நீங்களா இப்படி எடுத்தீங்க?" என்று கேட்டார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பாதி ஆயுளைக் கொழுந்திலேயே கழித்த எனக்கு அது பெரிய அவமானம்.

கொழுந்து எடுப்பவள் ஒவ்வொரு இலையையும் பார்த்துப் பார்த்து எடுப்பதில்லை. கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும், விரல் இந்தச் செடியில் இருக்கும். தொட்ட மாத்திரத்தில் இளசு எது, முற்றல் எது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த வித்தியாசம்தான் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. மெல்லிய கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு தொடுவது போல எல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

உண்மையில் கால் அதற்கு முன்பே மரத்திருந்தது. இந்தக் குளிரில் யாருக்குத்தான் கால் மரக்காது என்று நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒரு நாள் மலையிலிருந்து ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்திருக்கிறேன். மற்றது எங்கே கழன்று விழுந்தது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர், "புதுசா ஒரு பேஷன் போல இருக்கே புள்ள" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். நாக்கு சிவந்து வழுவழுப்பாகி, காரம் பட்டால் எரிந்தது. ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கியது. வயசு என்று சொல்லிக்கொண்டேன். இப்படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமாதானம் என்னிடம் தயாராக இருந்தது.

அந்தச் சமயத்தில் என் மகள் சுகந்தி தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்தாள். அவள் பையில் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகள் நிறைய மிஞ்சிக் கிடந்தன. முதல் மாதங்களில் எதை விழுங்கினாலும் வாந்தி என்பதால் ஃபோலிக் அமிலம் (வயிற்றுப் பிள்ளையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாக உதவும் ஒரு வைட்டமின்) அப்படியே இருந்தது. சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள்.

"அம்மா, அது எனக்குக் குடுத்ததும்மா" என்றாள்.

"நீதான் குடிக்கலையே. சத்து மாத்திரதானே, வீணா கெடந்து என்னா செய்யப் போவுது?" என்றேன்.

சத்து மாத்திரை யார் குடித்தாலும் சத்துதான் என்பது எங்கள் லயத்தின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எழுதாத சட்டம். மிஞ்சிய குழம்பு அடுத்த வீட்டுக்குப் போவது போல மிஞ்சிய மாத்திரையும் போகும். கிளினிக் முடிந்து வரும் பிள்ளைத்தாய்ச்சியிடம் ஒன்றிரண்டு கேட்டு வாங்காத வீடு எங்கள் லயத்தில் இல்லை. நானும் தினமும் ஒன்று போட்டேன், சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணியில் (பால் ஊற்றாத தேத்தண்ணி).

வேலை செய்ததா என்றால், செய்தது. அதுதான் இதில் உள்ள கெட்டிக்காரத்தனம். கொஞ்ச நாளிலேயே களைப்பு குறைந்தது, ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவுக்கும் நானே சிபாரிசு செய்தேன். கால் மட்டும் முன்பைவிட மோசமாகிக்கொண்டே வந்தது. முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பீலிக்கரையில் (குழாய்த் தண்ணீர் விழும் இடம்) இரண்டு தடவை சுவரைப் பிடித்து நின்றேன். ஆனாலும் தெம்பாக இருக்கிறோமே என்ற தைரியத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சுகந்திக்கு மாதம் நெருங்கியிருந்தபோது ஒரு காலையில் அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கினேன். பிடிதுணியை மறந்துவிட்டேன் போலிருக்கிறது. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, கைய விடுங்க" என்று சுகந்தி கத்தினாள்.

கேத்தலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். உள்ளங்கை வெந்து தோல் எழும்பியிருந்தது. எனக்கு வலிக்கவில்லை. ஏதோ இளஞ்சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் என் கையைப் பச்சைத்தண்ணீரில் பிடித்தாள். மற்றக் கை அவள் வயிற்றின் மேல் இருந்தது. "இந்தக் கையாலதானேம்மா புள்ளைய குளிப்பாட்டுவீங்க" என்றாள். குத்திக்காட்டச் சொன்னதல்ல, அவளுக்கே தெரியாமல் வாயில் வந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை குளிப்பாட்டுவது தாயைப் பெற்றவளின் உரிமை. கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால் மேல் கிடத்தி, வெந்நீரைப் புறங்கையில் விட்டுப் பதம் பார்த்து ஊற்ற வேண்டும். எனக்குக் காலும் மரத்திருந்தது, கையும் மரத்திருந்தது. நான் பயந்தது அப்போதுதான். என் கை எனக்கு முற்றல் இலையைக் காட்டாமல் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பச்சைப்பிள்ளை மேல் கொதிநீரை ஊற்றிவிட்டு, பிள்ளை ஏன் அழுகிறது என்று நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால்?

அன்றே நானும் என் வீட்டுக்காரரும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் சிங்களப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்திருப்பார். என் சிங்களம் கடைத்தெருவோடு சரி என்பதால் மிஸ்ஸி ஒருவர் (தாதியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தமிழில் சொன்னார். கைக்கு மருந்து கட்டிய பிறகும் டொக்டர் என்னை அனுப்பவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். இசைக்கவை (தட்டினால் அதிரும் இரும்புக் கருவி) ஒன்றைத் தட்டி என் கால் பெருவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். எனக்கு இரும்பின் குளிர்ச்சிகூடச் சரியாகத் தெரியவில்லை. முழங்காலுக்கு வந்தபோதுதான் அதிர்ந்தது. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்தேன், மிஸ்ஸி பிடித்துக்கொண்டார்.

பிறகு என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அங்கேதான் என் நேர்த்திக்கடன் வெளியே வந்தது.

சில வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரர் கவ்வாத்து மலையில் (தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் இடம்) சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அவர் எழுந்து நடந்தால் இனி மச்சம் தொடமாட்டேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்தேன். அவர் நடந்தார். நான் மீன், கருவாடு, முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் விட்டேன். நேர்த்தி என்னுடையது, கருவாட்டுக் குழம்பு அவருடையது. அதையும் நான்தான் உப்புப் பார்க்காமல் வைத்துக் கொடுப்பேன். பால் நேர்த்தியில் சேரவில்லை என்றாலும் எனக்குச் சாயத்தண்ணிதான் பழக்கம்.

இரத்தப் பரிசோதனை வந்ததும் டொக்டர் பெயரைச் சொன்னார். வைட்டமின் பி பன்னிரண்டு குறைபாடு. நான் சிரித்துவிட்டேன். "வைட்டமினா? நான் தெனமும் குடிக்கிறேனே மிஸ்ஸி" என்று சுகந்தியின் மஞ்சள் மாத்திரைகளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். மிஸ்ஸி அதைச் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அதன் பிறகு அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். வைட்டமின் என்பது சோறு மாதிரி பலம் தருவதல்ல. உடம்பு தன் வேலையை நடத்த மிகமிகக் கொஞ்சமாகத் தேவைப்படும் பொருள். பெரும்பாலும் உடம்பால் அதைத் தானே செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். "மலையில கங்காணி மாதிரி வச்சுக்குங்க, அவர் கொழுந்து எடுக்க மாட்டார், ஆனா அவர் இல்லாட்டி வேலை நடக்காது" என்றார் மிஸ்ஸி. கங்காணி இல்லாத நாளில்தான் வேலை ஒழுங்காக நடக்கும் என்று நான் சொன்னேன். டொக்டரும் சிரித்தார். பிறகு, ஒரு வைட்டமின் செய்வதை இன்னொன்று செய்யாது என்று அவரே எளிமையாகச் சொன்னார். கண்ணுக்கு ஏ, ஈறுக்கும் புண் ஆறுவதற்கும் சி, எலும்புக்கு வெயிலில் கிடைக்கும் டி. பி என்பது ஒன்றல்ல, ஒரு குடும்பம். ஃபோலிக் அமிலமும் பி பன்னிரண்டும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டும் சேர்ந்து இரத்தத்தை உண்டாக்கும். ஆனால் நரம்புறையை (நரம்பின் மேல் இருக்கும் மெல்லிய போர்வை) காப்பாற்றுவது பி பன்னிரண்டு. அது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில்தான் இருக்கிறது. நம் ஈரலில் அதற்கு வருடக்கணக்கில் சேமிப்பும் இருக்கும். அதனால்தான் மச்சத்தை விட்ட உடனே எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் கால் மரத்தது.

"அந்த மாத்திரை உங்க ரத்தத்த மட்டும் தேத்தி வச்சிருச்சி. களைப்பு போனதால நீங்க வரல. உள்ளுக்கு நரம்பு கெட்டுக்கிட்டே இருந்திருக்கு" என்றார் மிஸ்ஸி. "மாத்திரை மேல தப்பில்ல. உங்க மகளுக்கு அது கட்டாயம் வேணும். குடிச்ச ஆள்தான் மாறிப்போச்சி."

மச்சம் சாப்பிடச் சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. முந்திக்கொண்டேன். "மிஸ்ஸி, நேர்த்திய முறிக்கச் சொன்னா முடியாது. எங்க வீட்டுக்காரரு நடக்கிறாரு. அத நான் விளையாட்டா எடுக்க மாட்டேன்."

அருகில் நின்ற என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "வேணும்னா நேர்த்திய நான் எடுத்துக்கிறேன் புள்ள. நான் கருவாட்ட விட்டுர்றேன், நீ சாப்புடு" என்றார்.

"நீங்க கருவாட்ட விட்டேன்னு சொன்னா அம்மனே நம்பாதுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதர் எனக்காக விடத் துணிந்த மிகப் பெரிய சொத்து அது.

டொக்டர் கையமர்த்தினார். பி பன்னிரண்டை ஊசியாகப் போடுவோம், அதில் மச்சம் இல்லை, அது நுண்ணுயிர்களைக் கொண்டு செய்வது, நேர்த்தியும் இருக்கட்டும் ஊசியும் இருக்கட்டும் என்றார். என் கேள்வி ஒன்றுதான் பாக்கியிருந்தது. பிள்ளை குளிப்பாட்ட என் கை திரும்புமா? அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் திரும்பும், ஆனால் மெதுவாக. எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

ஊசி தொடங்கியது. முதலில் அடிக்கடி, பிறகு வாரம் ஒன்று, பிறகு இடைவெளி கூடியது. நாக்கு முதலில் தேறியது. கையும் காலும் தேறுவதற்குப் பதில் எறும்பு ஊர்வது போல ஊர ஆரம்பித்தன. பயந்துபோய் மிஸ்ஸியிடம் ஓடினேன். சிலருக்கு நரம்பு விழிக்கும்போது அப்படி இருக்கும் என்றார். அதைக் கேட்ட பிறகு அந்த ஊறலே எனக்குப் பிடித்துப்போனது. பால் குடிக்கவும் தயிர் சாப்பிடவும் பழகினேன். சாப்பிட்ட கையோடு சாயம் குடித்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாதாம், கொஞ்ச நேரம் கழித்துக் குடிக்கச் சொன்னார்கள். தேயிலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வைத்தியம்.

பிள்ளை பிறந்தாள். பெண். குளிப்பாட்டச் செல்லம்மா அக்கா வந்தார். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் நன்றாகத்தான் குளிப்பாட்டினார், எனக்குத்தான் பொறுக்கவில்லை. "தல நனையுது பாருங்க", "காதுல தண்ணி போவுது" என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். "நீதான் வந்து ஊத்தேன் தனம்" என்று ஒரு நாள் சலித்துக்கொண்டார். அன்று அடுப்படிக்குப் போய் அழுதேன்.

உங்களில் யாருக்காவது இப்படிக் கை கால் மரத்தால், குளிர் என்றும் வயசு என்றும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். இன்னொருவருக்குக் கொடுத்த மாத்திரையைக் குடித்திருந்தால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். நேர்த்தி இருந்தால் அதையும் சொல்லுங்கள். நரம்பு காத்துக்கொண்டிருக்காது, அவ்வளவுதான் என் புத்திமதி.

பிள்ளைக்குக் குப்புற விழத் தெரிந்த நாட்களில் ஒரு காலை. செல்லம்மா அக்கா இன்னும் வரவில்லை. சுகந்தி வெந்நீர் விளாவி வைத்திருந்தாள். சும்மா, பழக்கத்தில், புறங்கையைத் தண்ணீரில் விட்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"சுடுது" என்றேன். "இன்னும் கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்துடி."

சுகந்தி செம்போடு அப்படியே நின்றாள். அவளும் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தாள். "ஆமாம்மா, சுடுது" என்றாள். பிறகு பச்சைத்தண்ணீரை ஊற்றிவிட்டு, பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டி உட்கார்ந்த என் காலில் கிடத்தினாள். அந்தப் பாரம் என் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தெரிந்தது.

கால் விரல்கள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. திரும்பாமலே போகலாம் என்கிறார் டொக்டர். செருப்பைக் குனிந்து பார்த்துப் போட்டுக்கொள்கிறேன். மலைக்குப் போகிறேன், கணக்கப்பிள்ளை என் பையைக் கிளறுவதை விட்டுவிட்டார். முன்பெல்லாம் எனக்குக் காலம் என்றால் சம்பளத்துக்குச் சம்பளம். இப்போது ஊசிக்கு ஊசி. கெடுவதற்கும் இந்த உடம்பு வருடக்கணக்கில் பொறுத்தது, திரும்புவதற்கும் என்னை மாதக்கணக்கில் பொறுக்கச் சொல்கிறது. அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை.

தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டும் முன் புறங்கையைத் தண்ணீரில் விடுகிறேன். முன்பு தண்ணீரின் பதத்தைப் பார்க்க விட்ட கை அது. இப்போது கையையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.