வராத கடலையை விற்ற ராணி

தலைமை ஆசிரியை நாற்காலியும் கொடுத்து, காப்பியும் கொடுத்தால் என்ன அர்த்தம்? சர்க்கார் உத்தியோகத்தில் தலை நரைத்தவனுக்குத் தெரியும் — ஏதோ தலையில் இறங்கப் போகிறது.

போன வெள்ளிக்கிழமை இறங்கியது.

"சார், உங்க பாடத்தால எங்க டிராமாவுக்கு ராணி இல்லாம போச்சு. ராணி திரும்பி வரணும். இல்லேன்னா உங்க வகுப்பு வேண்டாம்."

விஷயம் இதுதான். முன்பேர வியாபாரத்துக்கு விதி எழுதும் இலாகாவில் இருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் விதி சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. பால்காரனின் படியைச் சோதித்தேன். "பாவம் அவன், விட்டுடுங்கோ. எங்கயாவது போய் வேற யாருக்காவது ரூல் சொல்லுங்கோ" என்றாள் மனைவி. பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், வியாழக்கிழமை கடைசி பீரியட் கிடைத்தது.

"கையில் இல்லாத சரக்கை இன்றைக்கே விலை பேசி விற்கலாம். குறித்த நாளில் கொடுத்தால் போதும்" என்று ஆரம்பித்தேன்.

"இல்லாததை விக்கிறதா? போலீஸ் புடிக்காதா சார்?"

"ஃபாரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பிடிக்காது."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பில் மயங்கி, வகுப்பிலேயே ஒரு மார்க்கெட் தொடங்கினேன். சரக்கு — வேர்க்கடலை. பணம் — புளியங்கொட்டை. கிடங்கு — நான் சீல் வைத்த பிஸ்கட் டின். புதன்கிழமைக்குள் டின்னுக்குள் வந்த கடலைதான் கணக்கு, வியாழன் டெலிவரி. அதோடு விட்டேனா? பயம் இல்லாத மார்க்கெட் மார்க்கெட்டா? ஆளுக்கு ஒன்றை அடமானம் வைக்கச் சொன்னேன் — இழக்க மனம் வராத ஒன்றை. விற்ற சரக்கைக் கொடுக்கத் தவறினால் அது வாங்கியவளுக்கு.

ஸ்டெல்லா என்ற பெண், பள்ளி விழா நாடகத்தில் அட்டைக் கத்தி பிடிக்கும் தன் ராணி வேஷத்தை வைத்தாள்.

பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே என்கிற கடலைத் திருவிழா வரப் போகிறது, தெருவெல்லாம் கடலை குவியும், விலை சரியும் என்று பெங்களூரில் யாருக்குத்தான் தெரியாது? ஸ்டெல்லாவுக்கும் தெரியும். தைரியமாக, கையில் இல்லாத இரண்டு படியை அன்றைய விலைக்கு விற்றாள். ஆனால் பரிஷே திங்கட்கிழமை. டெலிவரியோ அதற்கு முந்தின வியாழன். கடலை வருவதை யோசித்தவள், என்றைக்கு வரும் என்பதை யோசிக்கவில்லை.

கனகா யோசித்திருந்தாள். ஸ்டெல்லாவிடம் வாங்கியவள் அவள்தான். புதன்கிழமைக்குள் டின்னில் இருந்த கடலையையும் சத்தமில்லாமல் மொத்தமாக வாங்கிவிட்டாள். இனி ஸ்டெல்லா யாரிடம் வாங்கிக் கொடுப்பாள்? கனகாவிடமே! அவள் சொன்ன விலைக்கு ஊரில் புளியமரம் போதாது.

"சார், நாலே நாள் தள்ளிப் போடுங்க சார்" என்றாள் ஸ்டெல்லா.

"சும்னே தள்ளிப் போட்டா நான் எதுக்கு சார் வாங்கினேன்?" என்றாள் கனகா. பிறகு ஸ்டெல்லா பக்கம் திரும்பி, "ராணியம்மா, கத்தியைக் கொடுடி" என்றாள்.

"உனக்கு ஒரு வரி டயலாக் வருமாடி?"

"வராது. அதனாலதான் உனக்கே திருப்பி விக்கப் போறேன். வருஷம் பூரா என் ஜியாகரபி மேப் எல்லாம் நீதான் வரையணும்."

ஸ்டெல்லா அட்டைக் கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் 'ரூல் ரூல்தான்' என்று டின்னைத் திறந்தேன்.

மறுநாள்தான் அந்தக் காப்பி.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்கள். "வேஷத்தைத் திரும்ப வாங்கிக்கோம்மா" என்றார் தலைமை ஆசிரியை. அவள் கண் சிவந்திருந்தது. "வேணாம் மிஸ். வித்தது வித்ததுதான். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். நஷ்டம் வந்ததும் மாலையோடு மந்திரியைப் பார்க்க ஓடும் வியாபாரிகளைத்தான் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வாக்கியத்தை ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.

விதிகளின் கடைசியில் நானே ஒன்று எழுதியிருந்தேன் — 'அசாதாரண நிலைமையில் தலைவர் டெலிவரி நாளைத் தள்ளி வைக்கலாம்.' எல்லா மார்க்கெட்டிலும் உண்டு. பெரிய வியாபாரிக்கு நஷ்டம் என்றால் நிலைமை அசாதாரணம். சின்ன வியாபாரிக்கு என்றால் சாதாரணம். அதைப் பயன்படுத்தும் கோப்புகளைப் பார்த்து எத்தனை முறை முகம் சுளித்திருக்கிறேன்! இப்போது? தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்தேன். தள்ளி வைத்தால், விதியைச் சரியாகப் படித்தவள் தோற்பாள். வைக்காவிட்டால், வாக்கைக் காப்பாற்றியவள் தோற்பாள். என் வகுப்பும் போகும்... அதுவும் ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா?

இருவரையும் கூப்பிட்டு விதியைப் படித்தேன். டெலிவரி அடுத்த வியாழன்.

"ரூல்லயே இருக்கா சார்? அப்ப சரி" என்றாள் ஸ்டெல்லா. பரிஷேயில் இரண்டு படி கடலை வாங்க அவளுக்கு என்ன கஷ்டம்? கத்தி அவள் கைக்குப் போயிற்று.

கனகா நகரவில்லை.

"சார், இந்த ரூல் முன்னாடியே இருந்துச்சா?"

"இருந்தது."

"தலைவர் யாரு சார்?"

"நான்தான்."

தலையை ஆட்டிக்கொண்டாள். கோபம் இல்லை, கணக்குப் போடுகிற முகம். "அடுத்த வாட்டி கடலையை வாங்க மாட்டேன் சார். தலைவரைப் பார்த்துக்குறேன்."

நான் நடத்தாத பாடம் அது ஒன்றுதான். அதில்தான் அவள் நூற்றுக்கு நூறு!